குடல் விழித்த மதியம்

தன் அத்தானின் வயிற்றிலிருந்து புறப்பட்ட ஒரே ஒரு சத்தத்துக்காக ஓர் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது என்று மைக் சொல்வார். எழுந்து நிற்க முடியாதவர்கள் படுத்தபடி தட்டினார்கள். ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தவர்கள் மறுகையால் தொடையில் தட்டினார்கள். கீழே வரவேற்பறைத் தொட்டியில் இருந்த மீன்கள்கூட ஒரு கணம் நின்று மேலே பார்த்தன. மீன் விஷயம் மட்டும் கொஞ்சம் கூடுதல் என்று அவரே ஒத்துக்கொள்வார். பார்த்தது பாதி மீன்கள்தானாம்.

கேட்டவர்கள் யாரும் நம்பியதில்லை. அதை விடுங்கள். அன்று அந்த அறைக்குள்ளேயே இருந்தும், சத்தத்துக்கு எல்லோரையும்விடப் பக்கத்தில் இருந்தும், நம்ப மறுத்தவர் ஒருவர் உண்டு. அந்த வயிற்றின் சொந்தக்காரர்.

மைக் என்பது ஊரார் வைத்த பெயர். ஆள், ஒலிபெருக்கியை வாடகைக்கு விடும் தொழிலில் காலம் தள்ளி, மகனிடம் கடையைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர். தொழிலை விட்டாலும் தொண்டை விடவில்லை. அவர் காதோடு காதாகச் சொல்லும் ரகசியம் அடுத்த தெருவில் துணி உலர்த்துகிறவர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அவருடைய அக்காவின் கணவர், அதாவது அத்தான், இதற்கு நேர் எதிர். அரசு விழாக்களில் யார் முதலில் உள்ளே வரவேண்டும், யார் யாருக்கு வலப்பக்கம் அமரவேண்டும், மாலையை யார் கையில் யார் கொடுக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தும்மி யாரும் பார்த்ததில்லை. தும்மல் வந்தால் அதை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, விழா முடிந்த பிறகுதான் அனுப்பிவைப்பார் என்பது மைக்கின் கட்சி. வாழைப்பழம் தின்றால்கூடச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் தின்பார்.

அப்பேர்ப்பட்டவரின் சிறுகுடல் ஒரு நாள் எந்த அனுமதியும் கேட்காமல் முறுக்கிக்கொண்டது. வலியில் சுருண்டு கிடந்தபோதும், வாந்தி எடுக்கும் ஒவ்வொரு தடவையும், "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டரம்மா வயிற்றைத் திறந்து, முறுக்கைப் பிரித்து, எல்லாவற்றையும் இருந்த இடத்தில் இருந்தபடி அடுக்கி, தையல் போட்டு மூடினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. குடல் இன்னும் எழுந்திருக்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு அத்தானின் மகள் வயதுதான் இருக்கும். கட்டில் பக்கத்தில் நின்றபடி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்.

"மயக்க மருந்து குடுத்தா உடம்பு மொத்தமும் தூங்கிடாது சார். இதயம் தூங்காது. அது தூங்கினா நாம இப்படிப் பேசிட்டு இருக்க மாட்டோம். மூச்சை மட்டும் கொஞ்ச நேரம் மெஷின் பார்த்துக்கிச்சு, அப்புறம் உங்க நுரையீரல் அந்தப் பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கிச்சு. அடுத்தது மூளை. கண்ணைத் தொறந்து முதல்ல என்ன கேட்டீங்க தெரியுமா? 'எல்லாரும் சாப்பிட்டாச்சா'ன்னு. சிறுநீரகம் ராத்திரி பூரா ரத்தத்தை வடிகட்டிக் குடுத்திருக்கு, பை நிறைஞ்சிருக்கு பாருங்க. இனிமே சிறுகுடல், அப்புறம் இரைப்பை, கடைசியா பெருங்குடல். நாங்க கையில எடுத்துப் புரட்டிப் பார்த்தோம்ல, அதனால அதுக்குக் கொஞ்சம் கோபம். அசையாம கிடக்கும். கோபம் தீர்ந்ததும் தானா எழுந்துக்கும்."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் தடவையாக அத்தானின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

"எல்லாம் ஒரு வரிசைப்படிதான் வருது" என்றார்.

"தலைமை விருந்தாளி கடைசியிலதானே அத்தான் வருவார்" என்றார் மைக்.

"நீ கொஞ்சம் மெதுவா பேசு மச்சான். ஆஸ்பத்திரி இது."

அந்த அறையில் நான்கு கட்டில்கள். சிஸ்டர்கள் ஆட்களை உறுப்பை வைத்தே கூப்பிட்டுப் பழக்கிவிட்டதால், நோயாளிகளும் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஜன்னலோரம் இருந்த தையல்காரர் பித்தப்பை. அவருடைய பித்தப்பையை எடுத்தாகிவிட்டது. அதிலிருந்த கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் குலுக்கிக் காட்டுவார். "கொழுப்பு கரைக்கிற பித்தத்தைச் சேர்த்து வைக்கிற பை. இப்ப பை இல்ல. ஈரல் நேரடியாவே குடலுக்கு ஊத்துது. கடைக்காரர் இல்லாம மொத்த வியாபாரி நேரா வீட்டுக்கே கொண்டாந்து போடற மாதிரி" என்று விளக்கமும் சொல்வார். எதிர்க்கட்டில் பஸ் டிரைவர், சிறுநீரகம். நாள் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. மூலையில் வர்ணம் பூசுகிறவர், நுரையீரல். ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் இருந்த மூன்று பந்துகளை மூச்சை உறிஞ்சியே மேலே கிளப்பவேண்டியது அவர் வேலை. இரண்டு பந்து எழும்பும். மூன்றாவது அவரைப் பார்த்துச் சிரிக்கும்.

அத்தான், குடல் சார். மற்றவர்களுக்கெல்லாம் 'சார்' கிடையாது. அவரைப் பார்த்த மாத்திரத்தில் சிஸ்டர்களுக்கே அது தானாக வாயில் வந்துவிட்டது.

டாக்டரம்மா ஒவ்வொரு ரவுண்ட்ஸிலும் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பார். பிறகு தலையை நிமிர்த்தி, "காத்து பிரிஞ்சுதா சார்?" என்று கேட்பார்.

அத்தான் கூரையைப் பார்ப்பார். "குறிப்பிட்டுச் சொல்லும்படியா ஒண்ணும் இல்லை."

மூன்றாம் நாள் காலை வயிறு மத்தளம்போல் உப்பியிருந்தது. டாக்டரம்மா விரலால் தட்டிப் பார்த்தார். அந்தத் தட்டலின் ஓசையை வைத்தே மைக் சொல்லிவிட்டார், உள்ளே இருப்பது சுத்தமான காற்று என்று.

"உள்ள கடமுடான்னு சத்தம் கேக்குது. ஆனா அதை மட்டும் நம்பி நான் சும்மா இருக்க முடியாது" என்றார் டாக்டரம்மா. "குடல் பின்பக்கம் சுருங்கி, முன்பக்கம் விரிஞ்சு, உள்ள இருக்கிறதைத் தள்ளிட்டே போகும். வழியில எங்கயாவது அடைப்பு இருந்தாலும், அடைப்புக்கு இந்தப் பக்கம் இதே சத்தம்தான் கேக்கும். காத்து வெளியே வந்தாத்தான் வாயிலேருந்து கடைசி வரைக்கும் பாதை தொறந்திருக்குன்னு அர்த்தம். மதியம் ரவுண்ட்ஸ் வரைக்கும் பார்ப்போம். அப்பவும் இல்லைன்னா வயித்துல இருக்கிறதை மேல இழுக்கிற மூக்குக் குழாயைத் திரும்பப் போட்டு, ஸ்கேன் எடுப்போம். அடைப்பு மாதிரி தெரிஞ்சா..." அத்தானைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்து முடித்தார்: "திரும்பத் திறந்து பார்க்க வேண்டியதுதான். இந்த வயசுல, இவ்வளவு சீக்கிரம் ரெண்டாவது தடவை, எனக்கு அதுல இஷ்டமே இல்ல."

அக்கா புடவைத் தலைப்பை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி அது.

டாக்டரம்மா போனதும் சிஸ்டர் ஒரு சூயிங்கம் கொண்டுவந்தார். "மெல்லுங்க சார். வாய் மென்னா மூளை ஏமாந்துடும். சாப்பாடு வருதுன்னு நினைச்சு நரம்பு வழியா கீழே சொல்லி அனுப்பும். குடல் எழுந்து தயாராகும்."

அத்தான் அதை ஒரு வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மெல்லும் வாயோடு இருந்த ஒரு மந்திரியின் மருமகனை வரிசையிலிருந்து எழுப்பி வெளியே அனுப்பியவர் அவர். "வேற மாத்திரை ஏதாவது இருக்கா?" என்றார். சிஸ்டர் நகராமல் நின்றதால் வாயில் போட்டார். மெல்லவில்லை. மருந்துபோல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

அடுத்தது நடை. நடந்தால் குடல் அசையும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். மைக் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, மறுகையில் டிரிப்ஸ் ஸ்டாண்டை உருட்டியபடி, அத்தான் தாழ்வாரத்தில் நடந்தார். எதிரே வந்த சக்கர நாற்காலிக்கு வழிவிட்டார். மாப்பு வாளியோடு வந்த அம்மாளுக்கு வழிவிட்டார். யாரும் வராதபோது யாராவது வருகிறார்களா என்று நின்று பார்த்தார். தாழ்வாரத்தின் கோடியில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு ஜன்னல். அங்கே வந்ததும் அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. கண் பாதி மூடியது. அந்த நேரம் பார்த்து, ஒரு பெண் பழப்பையோடு படியேறி வந்து, "வணக்கம் சார், எலும்பு வார்டு எந்தப் பக்கம்?" என்றாள்.

மைக் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தானின் முதுகு விறைத்தது. முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன. செருப்புக்குள் கால்விரல்கள் சுருண்டன. தேசிய கீதத்துக்கு நிற்பவர்போல் நிமிர்ந்து நின்று, "இடது பக்கம் போங்கம்மா" என்றார். அவள் போன பிறகு நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

மைக் நாற்பது வருஷம் கம்பி இழுத்தவர். ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வரவில்லை என்றால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட மாட்டார். யாராவது சுவிட்சை அணைத்திருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பார்.

"அத்தான்..." குரலைத் தாழ்த்தினார். தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "அடக்கிட்டு இருக்கீங்களா?"

"என்ன பேச்சு இது, மச்சான்?"

"நேத்திலேருந்தா? முந்தாநாளிலேருந்தா?"

"ஒரு பொது இடத்துல, நாலு பேர் நடமாடற இடத்துல..." அத்தான் ஸ்டாண்டைத் திருப்பினார். "எனக்குக் கால் வலிக்குது. போகலாம்."

மைக் அவரைக் கட்டிலில் சேர்த்துவிட்டு, நேரே சிஸ்டரிடம் போனார். விஷயத்தைச் சொன்னார். சிஸ்டர் ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார்.

"அடக்க முடியுமா சிஸ்டர்? உடம்பு தானா செய்யற வேலைதானே இது?"

"கடைசியில ரெண்டு கதவு இருக்கு சார். உள் கதவு குடலோட ஆள். நாம சொன்னா கேக்காது; காத்து வந்தா தானா தொறந்துடும். வெளிக் கதவு நம்ம ஆள். ரெண்டு வயசுல அதைப் பூட்டக் கத்துக்கறோம். நாம தொறந்தாத்தான் அது தொறக்கும், இல்லைன்னா இல்ல. அடக்கிட்டே இருந்தா காத்து திரும்ப மேல போயிடும், வயிறு உப்பும், குடலும் நமக்கென்னன்னு மறுபடி படுத்துக்கும்."

"அப்ப எங்க அத்தான் வயித்துல உள் கதவு தொறந்தாச்சு. வெளிக் கதவுலதான் எங்க அத்தானே காவலுக்கு நிக்கறார்."

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேணாம். பொம்பளைங்க சொன்னா இன்னொரு பூட்டு போட்டுடுவார்."

அக்காவை வெளியே அழைத்துச் சொன்னார். அக்கா முதலில் நம்பவில்லை. பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு எதையோ யோசித்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து, சாப்பிட்டு முடிச்சதும் 'தண்ணித் தொட்டியைப் பார்த்துட்டு வரேன்'னு மொட்டை மாடிக்குப் போவார். மழை பெய்தாலும் போவார். வாடகை வீட்டுல, தொட்டியே இல்லாத வீட்டுலயும் போனார்டா. பொறுப்பான மனுஷன்னு நான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டு இருந்தேன்."

இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டாள். "டேய், சிரிக்கற விஷயமா இது? இந்த மனுஷன் நாலு பேருக்கு வெட்கப்பட்டுக்கிட்டே திரும்ப வயித்தைக் கிழிச்சுக்குவார்டா. ஏதாவது பண்ணு."

மைக் பண்ணினார். அறைக்குப் போய், முதலில் அத்தானின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். பிறகு திரைக்குள் தலையை நீட்டினார்.

"அத்தான், இப்ப இந்த ரூம்ல ஒரு சத்தம் எழும்பும். வேற எந்தச் சத்தமும் அதுக்குள்ள காதுல விழாது. நானே நின்னு பொறுப்பெடுத்துக்கறேன். என் சர்வீஸ்ல சபையைச் சத்தத்துல மூழ்கடிக்கறது எனக்குத் தெரியாததா? நீங்க உங்க சௌகரியத்துக்கு... தொட்டியைப் பார்த்துக்குங்க."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். "ஜன்னலைச் சாத்தச் சொல்லு" என்றார். அவர் அவ்வளவு இறங்கிவந்ததே பெரிது. "அப்புறம், எனக்குப் பஞ்சு வேணும். காதுக்கு. உன்னோட ஏற்பாடுன்னா எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும்."

பஞ்சைக் கொடுத்துவிட்டு மைக் வெளியே வந்தார். மற்ற மூவரையும் பார்த்தார். யாரிடமும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அவர் சிஸ்டரிடம் சொன்ன ரகசியம்தான் இரண்டு சுவர் தாண்டி எப்போதோ வந்து சேர்ந்திருந்தது.

"நான் பாடறேன்" என்றார் சிறுநீரகம். "என் பாட்டைக் கேட்டு டிப்போவுல கண்டக்டர் மாத்தல் வாங்கிட்டுப் போயிருக்கான்."

"நான் கல்லைக் குலுக்கறேன்" என்றார் பித்தப்பை.

நுரையீரலுக்குப் பாடவும் முடியாது, கத்தவும் முடியாது. பந்துப் பெட்டியைக் கையில் எடுத்துக் காட்டினார்.

மைக் கையை உயர்த்தி இறக்கினார். அறை வெடித்தது. சிறுநீரகம் காதலில் தொடங்கித் தாலாட்டுக்குப் போய், இரண்டிலும் ஒரே ராகத்தைப் போட்டார். பித்தப்பை பாட்டிலை ஆட்டிய ஆட்டலில் கற்கள் மணலாகியிருக்கவேண்டும். நுரையீரல் பெட்டியைக் கட்டில் கம்பியில் தட்டித் தாளம் போட்டார். மைக் நடுவில் நின்று, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று, தன் வாழ்நாளில் எத்தனை லட்சம் தடவை சொன்னாரோ அத்தனையையும் திரும்பச் சொன்னார். அக்காவும் தன் பங்குக்கு ஒரு ஸ்டீல் தட்டை ஸ்பூனால் தட்டினாள். இதயப் பிரிவில் ஒருவருடைய இதயம் இந்தத் தாளத்துக்கு மாறிவிட்டது என்று பின்னால் மைக் சொன்னார். யாரும் அதை உறுதி செய்யவில்லை.

திரைக்குப் பின்னால் அசைவில்லை. வாழ்நாள் முழுக்கப் பூட்டியே இருந்த கதவு, சாவி கிடைத்த மாத்திரத்தில் திறந்துவிடுமா? துரு இருக்கும், முறைப்பு இருக்கும். அத்தானே விரும்பினாலும் அவருடைய வெளிக் கதவு அவரை நம்பத் தயாராக இல்லை. சிறுநீரகம் மூன்றாவது தாலாட்டுக்கு வந்தார். பித்தப்பைக்குக் கை வலித்தது, கை மாற்றிக்கொண்டார்.

அப்போதுதான் டாக்டரம்மா வந்தார். மதிய ரவுண்ட்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இந்தக் குடலை நினைத்து மனசு கேட்காமல் அன்று முன்கூட்டியே வந்துவிட்டார். பின்னால் வெள்ளைக் கோட்டு மாணவர்கள் ஒரு கூட்டம். கூடவே ஒரு தட்டில் மூக்குக் குழாயும் வழவழப்புக் களிம்பும் ஏந்திய சிஸ்டர்.

கதவு திறந்ததும் அறை கப்சிப் என்று அடங்கியது. மின்சாரம் போனதுபோல் ஒரே கணத்தில். சிறுநீரகம் தாலாட்டை 'ஆரா' என்பதோடு நிறுத்தினார். பாட்டில் அந்தரத்தில் நின்றது. அக்கா ஸ்பூனைத் தலைப்புக்குள் மறைத்தாள். டிரிப்ஸ் சொட்டுவதுகூடக் கேட்டிருக்கும்.

காதில் பஞ்சு வைத்திருந்தவருக்கு மட்டும் இது எதுவும் தெரியாது.

அந்த நிசப்தத்தில் அது வந்தது.

மைக் அதைத் தொழில்முறையில் விவரிப்பார். கனமான நாற்காலி ஒன்றைச் சிமென்ட் தரையில் இழுப்பதுபோல் தொடங்கியது. நடுவில் எக்காளம் ஊதுகிறவன் மூச்சு வாங்குவதுபோல் ஒரு நொடி நின்றது. முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தபோது இரண்டு ஸ்தாயி மேலே ஏறி, ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்து, கடைசியில் ஒரு கேள்விக்குறிபோல் வளைந்து நின்றது. ஆயிரம் கூட்டங்களுக்கு ஒலி அமைத்த தன் காதில் அத்தனை சுத்தமான ஒலி விழுந்ததில்லை. எதிரொலி இல்லை, கரகரப்பு இல்லை.

முதலில் பித்தப்பை, தையலை ஒரு கையால் பிடித்தபடி, கட்டிலை விட்டு எழுந்து நின்றார். சிறுநீரகம் எழுந்தார். நுரையீரல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தார். தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்து, விஷயம் தெரிந்ததும் சேர்ந்து தட்டினார்கள். அடுத்த அறைக்குச் செய்தி போயிற்று, அங்கிருந்து அடுத்ததற்கு. எலும்பு வார்டில் காலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தவர்கள்கூடத் தட்டினார்கள். மாணவர்கள் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள், தட்டலாமா கூடாதா என்று. அதில் ஒருத்தி பார்க்காமலே தட்டினாள்.

"குடல் சாருக்கு..." என்று சிறுநீரகம் ஆரம்பிக்க, "ஜே!" என்றார்கள்.

மைக் திரையை விலக்கினார். அத்தான் கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார். காதிலிருந்து பஞ்சை எடுத்தார். அறை நிறைந்த கூட்டத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"எதுக்காகக் கைதட்டறாங்க?" என்றார்.

டாக்டரம்மா பக்கத்தில் வந்தார். வாயோரம் சிரிப்பு இருந்தாலும் குரலில் இல்லை. "சார், காத்து பிரிஞ்சுதா?"

"காதுல பஞ்சு இருந்தது. எனக்கு எந்தச் சத்தமும் கேக்கல."

"காதால கேட்டீங்களான்னு கேக்கல. உடம்புல தெரிஞ்சுதான்னு கேக்கறேன்."

அத்தானின் பார்வை கூரைக்குப் போயிற்று. "அப்படி எதுவும் நடந்ததா நான் நினைக்கல. கட்டில் சக்கரமா இருக்கலாம்."

"அண்ணே, நான் இருபத்தஞ்சு வருஷம் வண்டி ஓட்டினவன்" என்றார் சிறுநீரகம். "சக்கரம் அப்படிக் கத்தினா வண்டியை டிப்போவை விட்டே எடுக்கமாட்டேன்."

"நாங்க மூணு பேரும் சாட்சி டாக்டர்" என்றார் பித்தப்பை.

"நான் தொழில்முறையில சொல்றேன், டாக்டரம்மா..." என்று ஆரம்பித்தார் மைக்.

டாக்டரம்மா கையை உயர்த்தினார். "இந்த அறையோட சாட்சியை மட்டும் நான் எடுத்துக்கறதில்ல. போன மாசம் இதே கட்டில்ல ஒருத்தர். காபி குடிக்கணும்னு தவியா தவிச்சார். பாவம்னு அப்ப இந்த அறையில இருந்தவங்க எல்லாரும் சேர்ந்து, 'பிரிஞ்சுது டாக்டர், நாங்களே கேட்டோம்'னு சொல்லிட்டாங்க. காபி குடுத்தேன். அன்னிக்கு சாயங்காலமே அவர் திரும்ப ஆபரேஷன் மேஜைக்கு வந்துட்டார். இன்னிக்குக் கேட்டது யாரோட சத்தம்னு எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை பேர் இருக்கீங்க, திரையும் மூடியிருந்தது. யார் வேணா பண்ணியிருக்கலாம், வாயாலகூடப் பண்ணலாம். நோயாளி தன் வாயால சொல்லணும். இல்லைன்னா நான் சொன்னதுதான்." சிஸ்டரிடம் திரும்பினார். "குழாயை எடுங்க. ஸ்கேனுக்குச் சொல்லிடுங்க. தியேட்டரையும் தயாரா வெச்சுக்கச் சொல்லுங்க."

கைதட்டல் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. சிஸ்டர் கையுறையை மாட்டினார்.

அக்கா அத்தானிடம் கெஞ்சவில்லை, திட்டவும் இல்லை. கட்டில் அருகே வந்து, அவருடைய கண்ணாடியைக் கழற்றினாள். விரலிலிருந்து மோதிரத்தை உருவினாள். வீக்கத்தில் அது சுலபமாக வரவில்லை, எச்சில் தொட்டு உருவினாள். கைக்கடிகாரத்தையும் கழற்றி, மூன்றையும் ஒரு கைக்குட்டையில் வைத்து முடிச்சுப் போடப் பார்த்தாள். மூன்று நாளுக்கு முன்னால் அவரை உள்ளே கொண்டுபோனபோதும் இப்படித்தான் முடிந்துவைத்தாள். அன்று முடிச்சு சட்டென்று விழுந்தது. இன்று விழவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டாள். அதுவும் விழவில்லை.

அத்தான் கூரையை விட்டுவிட்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் களிம்பு தடவிய குழாயை மூக்கருகே கொண்டுவந்தார். அத்தான் கையை உயர்த்தி நிறுத்தினார். எத்தனையோ ஊர்வலங்களை நிறுத்திய கை அது; சிஸ்டர் நின்றுவிட்டார்.

"மச்சான்" என்றார். "கட்டிலைக் கொஞ்சம் தூக்கு. படுத்துட்டே சொல்றது முறையில்ல."

மைக் கட்டில் தலைப்பக்கத்துக் கைப்பிடியைச் சுழற்றினார். அத்தான் மெல்ல மெல்ல உயர்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மனைவியின் கையிலிருந்த கைக்குட்டையைப் பிரித்துக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அறையில் இருந்தவர்களை வயதுவரிசையில் ஒருமுறை பார்த்தார். கன்னத்தில் ஒதுக்கியிருந்த சூயிங்கத்தை நாக்கால் இன்னும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், சற்று முன்னால இந்த அறையில கேட்ட அந்தச் சத்தம் சம்பந்தமா..." நிறுத்தினார். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன. "பக்கத்துக் கட்டில்காரங்க யாருக்கும் அதுல பங்கில்ல. சக்கரத்துக்கும் பங்கில்ல. நடந்தது நிஜம். அது நான்தான்."